படிப்பா, பிரம்படியா?

பாட்னாவில் ஒரு சிறுவனுக்கு 'சிக்ஷா' கிடைத்தால் பெற்றோர் மகிழ்வார்கள். புனேயில் கிடைத்தால், பையன் என்ன தப்பு செய்தான் என்று கேட்பார்கள். இந்தியில் கல்வியைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கு மராத்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கிலும் தண்டனை என்றே பொருள். 2024 ஜூலை வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மலையாளத்தில் 'இந்தியன் சிக்ஷா நியமம்' என்று பெயர்.

சங்கடம் அரசுத் திட்டங்களால் வந்தது. 2018இல் மத்திய அரசு 'சர்வ சிக்ஷா அபியா'னையும் வேறு இரு திட்டங்களையும் இணைத்து, 'சமக்ர சிக்ஷா' என்று பெயரிட்டது. நோக்கம் ஒருங்கிணைந்த கல்வி. மலையாளியின் காதுக்கோ அது முழுத் தண்டனை! ஆனாலும் கேரளம் தில்லி வைத்த பெயரை மாற்றவில்லை. கர்நாடகம் சாமர்த்தியமாக 'சமக்ர சிக்ஷண' என்று திருத்திக்கொண்டது. கன்னடத்தில் 'சிக்ஷண' என்றால் கல்வி. தமிழகமோ முந்தைய திட்டத்தையே 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' என்று மொழிபெயர்த்துத் தப்பித்தது.

சமஸ்கிருத மூலத்தில் இச்சொல்லுக்குக் கற்றல் என்றுதான் பொருள். ஆறு வேதாங்கங்களில் ஒலிப்பு முறையைச் சொல்லும் சாஸ்திரத்துக்கும் அதுவே பெயர். கற்பித்த கையிலேயே பிரம்பும் இருந்ததால் பொருள் இரண்டாகப் பிரிந்தது. தமிழின் 'சிட்சை' இரண்டையும் சுமக்கிறது. சங்கீத வித்வான் குருவிடம் பெறுவதும் சிட்சை; தமிழ் பைபிளில் தகப்பன் மகனைக் கண்டித்துத் திருத்துவதும் சிட்சை.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவர்களை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. படிப்பையும் பிரம்பையும் சட்டம் பிரித்துவிட்டது. எல்லா வகுப்பறைகளிலிருந்தும் பிரம்பு இன்னும் வெளியேறிவிடவில்லை.