காலிப் பெட்டியில் ஒரு கார்

நம் பொத்தேரிக்கு அருகே மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் தயாராயின. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஒரு சக்கரத்தைக்கூடக் கையால் மாட்டியதில்லை. நாமோ கோடை வந்தால் நுங்கு எடுத்த பனங்காயில் வண்டி செய்து தெருவெல்லாம் உருட்டியவர்கள்.

அமெரிக்காவில் டான் மர்பி என்பவரின் மகனுக்குப் பெரிய பிள்ளைகளின் வண்டிப் பந்தயத்தில் சேர வயது போதவில்லை. அதனால் 1953-இல் சாரணச் சிறுவர்களுக்கு மரக்கட்டையில் கார் செய்து சரிவில் ஓடவிடும் போட்டியை அவர் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நடத்தலாம். தேவையான சரக்கு கடையிலேயே உண்டு. சோப்பு அட்டைப்பெட்டி உடல். பாட்டில் மூடி சக்கரம். மூங்கில் குச்சி அச்சு. அது தடையின்றிச் சுழல ஸ்ட்ராத் துண்டு. மூடியில் துளை நட்ட நடுவில் இல்லாவிட்டால் கார் துள்ளும். இரண்டு அச்சும் இணையாக இல்லாவிட்டால் வளைந்து ஓடும். சாய்த்து வைத்த பலகைதான் இஞ்சின்.

துளையிடுவது மட்டும் பெரியவர் வேலை. மற்றதெல்லாம் பிள்ளைகளே செய்யட்டும். என் பேரனுக்கு நான் செய்து கொடுத்த கார் நேராக ஓடியது. இரண்டு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் செய்தது கோணலாக ஓடியது. அதைப் பிரித்து, அச்சைத் திருத்தி, ஓடும்வரை சாப்பிட வரவில்லை. நாளை கல்லாவில் அமரும் பிள்ளைக்கும் அந்தப் பொறுமை வேண்டுமல்லவா?

கோடை விடுமுறைக்குள் காலிப் பெட்டிகளை எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.