பிள்ளைகள் விரும்பும் மக்கறோனி

காய்கறியைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளையும் மக்கறோனியைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவ்விருப்பத்தையே நாம் துணைக்கொள்ளலாம்.

250 கிராம் மக்கறோனியை 2½ லீற்றர் கொதிநீரில் உப்பிட்டு வேகவைத்து, குழையுமுன் வடித்துவிடுக. வடித்த நீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்தல் வேண்டும். அதிலுள்ள மாப்பசையே கூட்டினை மக்கறோனியில் ஒட்டச் செய்வது. வெங்காயம், கரட், பூசணி, தக்காளி ஆகியவற்றை நெய்யில் மெல்ல வதக்கி, அந்நீர் விட்டுக் கடைந்தால் இயல்பான இனிப்புத் தோன்றும். கரட்டிலுள்ள கரோட்டின் உடலிற் சேர்வதற்கும் கொழுப்புத் துணைசெய்கிறது.

ஆனால், எல்லாக் காய்களையும் மசித்து ஒளித்துவிடுவது நமக்கு உடன்பாடன்று. உருவறியாத காயைப் பிள்ளை எங்ஙனம் பழகும்? பொடியாக அரிந்த போஞ்சியைக் கடைசி 5 நிமிடம் மக்கறோனியுடனேயே வேகவிட்டு, பச்சை நிறம் தெரியச் சேர்ப்போம். முதல்நாள் ஒதுக்கினால் வற்புறுத்தற்க. பத்துத் தடவை சுவைத்த பின்னரே விரும்பும் பிள்ளைகளும் உளர்.