சவுண்ட்பார் வாங்கும் முன் ஹாலில் ஒரு கைதட்டல்!

இரவு எட்டு மணி. சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. “என்ன சொன்னான்? ஒண்ணும் புரியலை, சத்தம் வை” என்கிறார் தாத்தா. வால்யூம் ஏறுகிறது. உள்ளே படிக்கும் பேத்தி கதவைச் சாத்துகிறாள். மகன் போனில் சவுண்ட்பார் விலை பார்க்கத் தொடங்குகிறார். பழி ஸ்பீக்கர் மேல் விழும், இல்லாவிட்டால் தாத்தாவின் காது மேல். ஹாலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

தரையில் வழுவழு டைல்ஸ், சுற்றிலும் சிமென்ட் சுவர், மேலே கான்கிரீட், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். கேரம்போர்டு விளிம்பில் பட்ட காய் போல, ஒலி இவற்றில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்கும் முன்பே அடுத்த சொல் அதன் மேல் வந்து விழுகிறது. வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். வயதான காதுக்கு இது இரட்டைக் கஷ்டம்.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே புகார்தான். ஃபாக் அருங்காட்சியகத்தின் புது அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை விநாடி ஆனது! சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைத்தார்கள். அவர் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து பரப்பி அளந்துவிட்டு, காலைக்குள் திருப்பி வைத்துவிடுவாராம். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அரங்க ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில்தான் தொடங்கியது.

நம் வீட்டுக்கும் அதே வைத்தியம்தான். ஹாலின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு மெத்தை, துணிமணி நிறைந்த படுக்கையறையில் தட்டுங்கள். ஹாலில் கணீரென்று ஒரு வால் நீண்டால், அதுதான் குற்றவாளி.

டி.வி-க்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்கு மெல்லிய ஸ்கிரீனுக்குப் பதில், ஜன்னலைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள கெட்டித் துணி. மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கு உறை தைத்து, சோபாவுக்குப் பின்னால் நிறுத்தலாம். சோபாவையும் சுவரோடு ஒட்டாமல் ஓர் அடி முன்னே இழுங்கள். தனி ஸ்பீக்கர் இருந்தால் அறை மூலையில் வைக்காதீர்கள். ‘தும் தும்’ சத்தம் பேச்சை விழுங்கிவிடும். எல்லாச் சுவரையும் மூட வேண்டியதில்லை. சோபாவில் ஒருவர் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே மட்டும் ஒரு கெட்டித் துணியைத் தொங்கவிட்டால் போதும்.

முட்டை அட்டை ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அதனால் பேச்சு தெளிவாகாது. தூசியும் பல்லியும்தான் சேரும். தெர்மாகோலும் அப்படியே. மலிவான ஃபோம் ஷீட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், விளக்கேற்றும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: இந்த வைத்தியம் அறைக்குள் இருக்கும் எதிரொலிக்குத்தான், தெருவின் ஹாரன் சத்தத்தைத் தடுக்காது.

இத்தனையும் செய்து, வசனம் மற்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டும் தாத்தா மட்டும் “சத்தம் வை” என்றால், காது டாக்டரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். சவுண்ட்பார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.