தோட்கோப்பு

வழிச்செல்வோன் தோளிலே கோத்துக்கொண்டு செல்லும் கட்டுச்சோற்றுக்குத் தோட்கோப்பு என்பது பழந்தமிழ்ப் பெயர். நாலடியார் இச்சொல்லை மறுமைக்குத் துணையாகும் அறத்தின்மேல் ஏற்றிக் கூறும். இறுதி வரும் நாள் அறியப்படாமையின், வேண்டுவதனைக் காலத்தோடு கட்டி வைத்துக்கொள்க என்பது அங்குப் பெறப்படும் பொருள். உவமையாக வந்த பொருள் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தாலன்றி உவமை பயன்படாது. ஆகவே, புறப்படுமுன் பொதி கட்டி வைத்தல் அக்காலத்து மக்களுக்கு இயல்பான ஒழுக்கமாயிருந்ததென்பது தெளிவு. பழமொழி நானூறோ, கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாதலால் அவனுக்கு வழியுணவு வேண்டியதில்லை என்னும் கருத்தை உடையது. கொழும்பிலே வாழ்ந்த தமிழ்ப் பட்டதாரிகள் பலருக்கு இக்கூற்றில் ஐயம் உண்டாதற்குக் காரணம் உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

இக்காலத்தார் பேரிடர் கருதி ஆயத்தஞ்செய்யும் பைகள் இருவகைப்படும். வீட்டை விட்டு நீங்க நேர்ந்தால் எடுத்துச் செல்வது ஒன்று. தொழிலிடத்திலோ கல்லூரியிலோ இருக்கும்போது போக்குவரத்து அற்றுப்போனால், நடந்து வீடு சேர்வதற்கு உதவுவது மற்றொன்று. பெரிதும் பேசப்படுவது முதலாவதே. ஆயினும் பகற்பொழுதின் பெரும்பகுதியை வீட்டுக்கு வெளியே கழிக்கும் நகரவாசிக்கு இரண்டாவதும் அதனளவு இன்றியமையாதது.

இதன் தேவையை உலகுக்கு நன்கு உணர்த்திய நகரம் தோக்கியோ. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி பிற்பகல் நிகழ்ந்த பூகம்பத்தினால் அந்நகரத்துப் புகையிரதங்கள் நின்றன. தலைநகரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சேர்ந்த ஏறக்குறைய 50 இலட்சம் மக்கள் அன்று வீடு திரும்ப இயலாது தவித்தனரென யப்பானிய அரசாங்கம் மதிப்பிட்டது. பல்லாயிரவர் இரவெல்லாம் நடந்தனர். இவ்வனுபவத்தின் பின் தோக்கியோ மாநகர அரசு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டு ஏப்ரில் தொடக்கம் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் முதற் கருத்து, யாவரும் ஒரே வேளையில் வீதிக்கு இறங்கலாகாது என்பதே. ஊழியர்கள் மூன்று நாள்வரை தங்குவதற்கு வேண்டிய நீரையும் உணவையும் தொழில் நிலையங்கள் சேமித்து வைத்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. வீடு சேர்வதற்குரிய ஆயத்தத்தின் முதற்படி உடனே புறப்படாதிருத்தல் என்பது முரண்போலத் தோன்றினும், கூட்ட நெரிசலில் அகப்பட்டு மடிந்தோரை எண்ணினால் அதன் நியாயம் விளங்கும்.

இவ்விதி கொழும்புக்கு எவ்வளவு பொருந்தும்? கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து வெள்ளவத்தை ஏறத்தாழ ஐந்து மைல், அதாவது எட்டுக் கிலோமீற்றர். கொட்டாஞ்சேனையோ இரண்டு மைலுக்கு உட்பட்டது. கொட்டாஞ்சேனையில் வீடும் வெள்ளவத்தையில் பாடசாலையும் உடைய மாணவனுக்கு ஏறக்குறைய ஆறு மைல். தோக்கியோவாசிகளின் நெடுவழியோடு ஒப்பிடுமிடத்து இவை சிறு தூரங்களே. நல்ல கால்களையுடையவன் இரண்டு மூன்று மணி நேரத்தில் நடந்துவிடலாம். 1996ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கி குண்டுவெடிப்பினாற் சிதைந்தபோது கோட்டையிலிருந்து கலைந்தோரிற் பலர் நடந்தே சென்றனர். 2022இல் எரிபொருள் அற்றுப்போன மாதங்களில் நடையும் சைக்கிளும் கந்தோர் உத்தியோகத்தருக்கு வழக்கமாயின. ஆகவே கொழும்பில் தூரம் பெருந்தடையன்று. தடை வேறு.

1983ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி திங்கட்கிழமை. முதல்நாளிரவு பொரளையில் மூண்ட தீ காலையில் நகரெங்கும் பரவிற்று. வழமைபோலக் கந்தோருக்குச் சென்றிருந்த தமிழர், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிகின்றன என்பதை அங்கிருந்தே அறிந்தனர். வீதிகளில் வாகனங்களை மறித்தோர், பெயரைக் கேட்டும் சிங்களச் சொல் ஒன்றை உச்சரிக்கச் செய்தும் தமிழரை இனங்கண்டனர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தனர் என்பதும் பலராற் பதிவு செய்யப்பட்ட செய்தி. அன்று கந்தோரிலேயே தங்கிச் சிங்கள நண்பரின் துணையால் உயிர் தப்பியோர் உண்டு. தங்கியதனாலேயே அகப்பட்டோரும் உண்டு. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, 29ஆந் திகதி, நிலைமை தணிந்ததென நம்பிப் பலர் வேலைக்குத் திரும்பிய வேளையில், புலிகள் புறக்கோட்டைக்கு வந்துவிட்டனர் என்ற வெறும் வதந்தி எழுந்தது. மக்கள் திசை தெரியாது ஓடினர். அந்த ஓட்டத்தின் பின் மீண்டும் கொலைகள் நிகழ்ந்தன.

வீடு சேர்க்கும் பை என்னும் கருத்து, வீடு பாதுகாப்பான இடம் என்பதை ஆராயாது ஒப்புக்கொள்கின்றது. மேனாட்டு நூல்கள் எழுதுவனவும் அவ்வாறே. அன்று நடந்தவர்களுக்கோ சேர்தற்குரிய இடம் வீடு அன்று. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. அங்கிருந்து 'லங்கா கல்யாணி' முதலிய கப்பல்களில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்களுக்கே வீடு என்ற சொல் மீண்டும் பொருளுடையதாயிற்று. 1958இலும் இதுவே நிகழ்ந்தது. அக்காலத்தில் றோயல் கல்லூரி முகாமாயிருந்தது. கப்பல்கள் வடக்கே சென்றன. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அதே கடல்வழி மீண்டும் திறந்ததை நோக்குமிடத்து, ஆயத்தம் பற்றிப் பேசுவோரை அச்சமுடையோர் என இகழ்தல் தகாது.

ஆதலின் கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் மூன்று இடங்களைத் தம்முள் முன்னரே பேசி வைத்தல் வேண்டும். முதலாவது வீடு. அதனை அடைய இயலாதவிடத்து ஒன்றுகூடுதற்கு அயலில் ஒரு நண்பர் வீடோ கோயிலோ பாடசாலையோ இரண்டாவது. நகருக்கு வெளியே உறவினர் ஒருவர் மூன்றாவது. கொழும்பிலிருப்போர் ஒருவரோடொருவர் பேச முடியாதபோதும், வவுனியாவிலோ கண்டியிலோ உள்ள பெரியம்மாவுக்குத் தனித்தனியே செய்தி அனுப்புதல் கைகூடலாம். அவரே எல்லோருக்கும் நடுநிலையமாக இருப்பார். பையினுள் வைக்கப்படும் பொருள்களுள் இவ்வுடன்பாட்டுக்கு நிறையில்லை. ஆயினும் பயனில் அதுவே முதன்மையானது.

அடுத்துக் கூறவேண்டியது பத்திரங்களைப் பற்றி. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் விடுதிகளுக்குள் பொலிசார் புகுந்தனர். தங்கியிருத்தற்குத் தக்க காரணம் காட்டாதவர்கள் எனக் கூறி, முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். வைத்தியத்துக்கு வந்தோர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோர், தொழில் தேடி வந்தோர் எனப் பலதிறத்தார் அவர்களுட் காணப்பட்டனர். பொருள்களைக் கட்டுதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் அரைமணி நேரந்தானும் இல்லையென்றனர் சிலர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலை இடைநிறுத்தியது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். எந்நாடும் தன்னாடு எனக் கற்றவர் நம்பியிருக்கலாம். ஆனால் அவ்விடியலில் கேட்கப்பட்டது கல்வியன்று. முகவரியும் காரணமும் காட்டும் தாளே.

ஆகவே தேசிய அடையாள அட்டை எப்பொழுதும் உடலோடு இருத்தல் வேண்டும். பையிலே அதன் படியொன்று இருத்தல் வேண்டும். மூல உறுதிகளையும் மூலச் சான்றிதழ்களையும் பையில் வைத்தல் பேதைமை. பை தொலைந்தால் எல்லாம் தொலையும். காணி உறுதியின் பதிவு இலக்கமும், பிறப்புச் சான்றிதழின் இலக்கமும் பதிவுப் பிரிவும் ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பின், உரிய கந்தோர்களிற் படியெடுத்தல் கூடும். 1983இல் வீட்டோடு எல்லாம் எரிந்தவர்களுட் சிலர், இலக்கம் தெரியாமையினாலேயே ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். பத்திரங்களின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்தலோடு அமையாது, தூரத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தல் நன்று. பெயர், இரத்த வகை, உட்கொள்ளும் மருந்து, உறவினரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சிறு அட்டை ஒன்று பொலித்தீன் உறையில் இருத்தல் வேண்டும். மயங்கி வீழ்ந்தவனைத் தூக்குபவர் எம்மொழியினர் என்பது யாருக்குத் தெரியும்? இக்காலத்துப் பிள்ளைகளுள் தாயாரின் தொலைபேசி இலக்கத்தை மனனஞ் செய்தோர் எத்தனை பேர் என வகுப்பிலே கேட்டுப் பார்க்கும் ஆசிரியர் வியப்படைவார்.

இனிப் பையை நோக்குவோம். அது பாடசாலைப் பிள்ளை சுமப்பது போன்ற சாதாரண முதுகுப்பையாக இருத்தலே சிறப்பு. படையினரின் உடைநிறம் கொண்ட பைகள் இந்நாட்டிலே தீமையை விலைகொடுத்து வாங்குவனவாகும். மேனாட்டார் தரும் பட்டியல்களிலே கத்தியும் கயிறும் தவறாது இடம்பெறும். சோதனைச் சாவடியிலே பையைத் திறந்து காட்டிப் பழகிய ஊரிலே, அவ்விரண்டும் விளக்கங் கூறவேண்டிய பொருள்கள். தயக்கமின்றித் திறந்து காட்டத்தக்க பையே நல்ல பை. நகரத்தில் மூன்று மணி நேரம் நடப்பவனுக்குக் கத்தியால் ஆவது மிகச் சிறிது. கயிற்றின் வேலையை ஒரு பழைய சாரம் செய்யும். போர்வையாகவும், துவாயாகவும், வெயிலுக்குத் தலைமறைப்பாகவும், உடைமாற்றும்போது திரையாகவும், காயப்பட்டவரைத் தூக்கும் ஏணையாகவும் அது பயன்படும். முகாம்களிலே பழைய சாரத்தின் பெருமையை அறியாதார் இலர்.

கந்தோருக்கு மெல்லிய செருப்போடு செல்பவர்கள் மேசையின் கீழே நடப்பதற்கேற்ற சப்பாத்தும் காலுறையும் வைத்திருத்தல் வேண்டும். புதுச் சப்பாத்து ஆகாது. ஐந்து மைலில் கொப்புளமுண்டாகும். வெள்ளக் காலத்தில் இது மேலும் முக்கியம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய நீரிலே வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் புண்வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். மூடியற்ற வடிகாற் குழிகளும் நீருக்கடியில் மறைந்து கிடக்கும். நீண்ட குடையொன்று இருப்பின், மழைக்கும் வெயிலுக்கும் உதவுவதோடு முன்னே ஊன்றி நிலத்தை அறிதற்கும் உதவும். எவரும் அதனை ஐயுறார்.

கொழும்பின் வெப்பத்திலே மணிக்கு அரை லீற்றர் நீரேனும் வேண்டும். ஒன்றரை லீற்றர் வைத்தால் அதுவே ஒன்றரைக் கிலோ. பையின் மொத்த நிறை நாலைந்து கிலோவுக்கு மேற்படலாகாது. ஆகவே ஏனைய பொருள்கள் நீருக்கு வழிவிட வேண்டியனவே. ஜீவனிப் பொதிகள் இரண்டு வைக்கலாம். ஒன்றை ஒரு லீற்றர் நீரிற் கரைத்தல் வேண்டும், கரைத்ததை ஒரு நாளுக்குமேல் வைத்தல் ஆகாது. உணவுக்கு விலையுயர்ந்த தகரப் பொருள்களைத் தேடவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் சமையல் வேண்டாத உணவுகளை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். புழுக்கொடியல் நீரின்றி உலர்ந்தமையின் மாதக்கணக்காகக் கெடாது. பனங்கட்டித் துண்டு உடனே வலுத்தரும். எள்ளுருண்டையும் பொரிவிளாங்காயும் அத்தகையனவே. பல்லில்லாத பெரியவருக்கு மாத்திரம் பிஸ்கட்டே தஞ்சம்.

வழமையாக உட்கொள்ளும் மருந்து ஒருநாளைக்கு அன்றி ஒரு கிழமைக்கு வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொழும்பில் அது மே மாதம் வரை நீடித்தது. கொட்டாஞ்சேனை அறைகளிலும் வெள்ளவத்தை விடுதிகளிலும் தங்கியிருந்த மலையகத்து இளைஞரும் வடகிழக்கு மாணவரும் ஊருக்குத் திரும்ப இயலாது வாரக்கணக்கில் அடைபட்டனர். வீடு மூன்று மணி நேர நடைக்கு அப்பாலுள்ளவனுக்கு நடையை முன்னிட்டுக் கட்டிய பை போதாது. அத்தகையோர் கட்டவேண்டியது தங்கும் பை: குளிசைகள், மாற்றுடை, பெண்களுக்கு மாதவிலக்கில் வேண்டுவன, சவர்க்காரம், கையிருப்புப் பணம். பணம் நூறும் ஐந்நூறுமான சிறு தாள்களாக இருத்தல் வேண்டும். மின்சாரமில்லாதபோது வங்கி அட்டை வெறும் அட்டையே. ஐயாயிரம் ரூபாத் தாளை மாற்றித் தரக் கடைக்காரர் இருக்கமாட்டார்.

மின்சூள், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி, சிறு வானொலி ஆகிய மூன்றும் வேண்டும் என்பதைக் கூறினாற் போதும். வானொலி பழையதென இக்காலத்தார் நகைக்கலாம். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் முதலிய இடங்களிற் குண்டுகள் வெடித்த பின், முகநூல் முதலிய தளங்களை அரசாங்கம் தடைசெய்தது. பலர் அவற்றையே செய்திக்கு நம்பியிருந்தனர். நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசாருக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்கள் முற்கூறிய அட்டையின் பின்புறத்தில் எழுதப்படலாம்.

வழியைப் பற்றி ஒன்று. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதி ஒன்றையே அறிந்தோர் பலர். கலகக் காலத்திலே கடைகள் நிறைந்த அவ்வீதியே முதலில் எரியும். புகையிரதப் பாதை நேரானதெனினும் கடலின் விளிம்பிலே செல்வது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி பெரலியவிலே புகையிரதத்தோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டதை அறிந்த பின், பூகம்பச் செய்தி வந்த வேளையில் அப்பாதையை எவரும் நாடார். ஹவ்லொக் வீதி வழியாகச் சென்று டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் இறங்குதல் மூன்றாம் வழி. இம்மூன்றையும் ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். எங்கே நீர்க்குழாய் உண்டு, எங்கே கோயில் மண்டபம் உண்டு, எந்த ஒழுங்கை முட்டுச்சந்தாய் முடியும் என்பவை நடந்தாலன்றித் தெரியா.

கட்டிய பை கட்டியபடியே கிடந்தால் பற்றரி பொங்கும்; குளிசை காலாவதியாகும்; பிள்ளையின் சப்பாத்து அளவு சிறிதாகும். பாடசாலைத் தவணை தொடங்குந்தோறும், ஆண்டுக்கு மூன்று முறை, புத்தகப் பைக்கு உறை போடும் அதே மாலையில் இதனையும் அவிழ்த்து, பழைய புழுக்கொடியலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம்.