கறுப்பு மிதியடியைப் பார்த்தா அப்பத்தா ஏன் பயப்படுறாங்க?

உங்க அப்பத்தாவுக்கு டிமென்ஷியா. வாசலில் புதுசா ஒரு கறுப்பு மிதியடி போட்டிருக்கீங்க. அவங்க அதைத் தாண்டி வரவே மாட்டேங்குறாங்க. “என்னத்தா இம்புட்டு பிடிவாதம்?”னு கையைப் பிடிச்சு இழுக்குறீங்க. அவங்க நடுங்குறாங்க.

பிடிவாதம் இல்லைங்க. அவங்களுக்கு அது மிதியடியா தெரியலை, பள்ளமா தெரியுது. கண் சரியாத்தான் இருக்கும். நிறத்தையும் ஆழத்தையும் பிரிச்சுச் சொல்ற மூளைதான் தடுமாறுது. தரையோட நிறத்திலேயே ஒரு மிதியடி போட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

இதை உள்ளே இருந்து நமக்குச் சொன்னவர்களில் ஒருவர், இங்கிலாந்தைச் சேர்ந்த வெண்டி மிட்செல். அரசு மருத்துவச் சேவையில் வேலை பார்த்தவர். 2014-ல், 58 வயதில் டிமென்ஷியா இருப்பது தெரியவந்தது. பேசும்போது வார்த்தை சிக்காது. ஆனால், கீபோர்டில் விரல் வைத்தால் எழுத வரும்! அதனால் எழுதிக்கொண்டே இருந்தார். 2018-ல் முதல் புத்தகம் வந்தது. மூடிய அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோவது, சாப்பிடக்கூட அலாரம் வைப்பது என எல்லாத்தையும் சொன்னார். மாணவர்கள் முன்னாலும் போய்ப் பேசினார். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் காலமானார்.

நர்ஸிங் மாணவிக்குப் பாடப்புத்தகம் ‘காட்சிப் புலனறிவுக் குறைபாடு’ன்னு சொல்லித்தரும். தேர்வில் மார்க் கிடைக்கும். ‘பள்ளம்’ங்கிற ஒரு வார்த்தைதான் அந்த அப்பத்தாவின் கையை இழுக்காம இருக்க வைக்கும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான ஆய்வு. ஆனாலும் நாம கேட்பதெல்லாம் பார்த்துக்கிறவங்க கதைதான். ‘ஓ காதல் கண்மணி’யில்கூட பவானியை கணபதியின் கண் வழியாத்தானே அதிகம் பார்த்தோம்?

மதுரைப் பக்கம் காலேஜ் படிக்கிறவங்க இதை மாத்தலாம். அப்பத்தாவுக்கு டைப் பண்ணத் தெரியாது. உங்க விரல் இருக்கே! நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே, அவங்க சம்மதத்தோட உட்காருங்க. “காலையில என்ன சாப்ட்டீங்க?”னு பரீட்சை வைக்காதீங்க. அல்சைமர் வகையில் புது நினைவுகளைச் சேமிக்கிற பகுதிதான் முதலில் அடிபடும். பழசு ரொம்ப நாள் நிக்கும். மேலூர்ல இருந்து வண்டி கட்டிக்கிட்டு அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்க வந்த கதையைக் கேளுங்க. அப்படியே, “இப்ப எது பயமா இருக்கு?”ன்னும் கேளுங்க. பதில் அவங்க பேச்சிலேயே இருக்கட்டும், செந்தமிழாக்க வேண்டாம். ஸ்டேட்டஸில் போடுறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

(இன்னும் டாக்டர்கிட்டயே காட்டலைன்னா முதல்ல அதைச் செய்யுங்க. தைராய்டு, பி12 குறைபாட்டாலும் மறதி வரும். அதைச் சரிசெய்ய முடியும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கு.)

எழுதினதை அவங்களுக்கே வாசிச்சுக் காட்டுங்க. “நான் இப்படிச் சொல்லலையே”ன்னா வாதாடாம அந்த வரியை அடிச்சிடுங்க.