முடிவு தெரிந்த சண்டை

பொழுது புலர்ந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே, திறந்த வெளியில், மண்ணைக் குழைத்துச் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். முகத்தில் வண்ணம், முறுக்கிய மீசை, பல ஆள் நீளத்துக்கு உடம்பு. அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி வேடம் கட்டிய இருவர் ஓடுகிறார்கள். ஒருவர் பீமன், மற்றவர் துரியோதனன். தலையில் கிரீடம், தோளில் புஜகட்டை, கையில் கதாயுதம். இரவெல்லாம் கூத்துப் பார்த்துக் கண் சிவந்த கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். பீமன் ஓங்கி அடிக்கிறான். மண் தொடைக்குள் வைத்திருந்த செந்நீர் வழிய, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

தேசூர்க்காரர்களுக்கு இந்தப் படுகளக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஊரைச் சூழ்ந்த செஞ்சி, வந்தவாசி, செய்யாறு வட்டாரம் பாரதக் கூத்து ஊறிய மண். பீமன்தான் ஜெயிப்பான் என்பது இடுப்பில் இருக்கும் குழந்தையைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த சண்டைக்கு எதற்கு விடிய விடிய விழித்திருக்கிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

தொழில்முறை மல்யுத்த ரசிகர்களை மட்டும் அந்தக் கேள்வி விடாமல் துரத்துகிறது. "எல்லாம் பேசி வைத்துச் செய்வதுதானே?" மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பி, வீரர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுகளைப் பள்ளிக்கூட மர நிழலில் வைத்து விளையாடி வளர்ந்த ஒரு தலைமுறை, பெரியவர்களானதும் அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆம், வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்பட்டதுதான். தேசூர்த் தறியில் ஏறும் பட்டுப் புடவைக்கும் பூ எங்கே, கொடி எங்கே என்பது ஜக்கார்டு அட்டையில் முன்பே குத்தி வைக்கப்பட்டதுதான். அதனால் அந்தப் புடவையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நெய்த கையைத்தான் பார்க்கிறோம்.

பனையில் சாய்ந்து நின்ற ரசிகை

மல்லுக்கு நிற்பதும், நிற்பவரைப் பார்க்கக் கூடுவதும் தமிழருக்குப் பழைய வழக்கம். புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு மற்போரை நேரில் கண்டவர் போலப் பாடுகிறார். ஆமூர் மல்லனைச் சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்துகிறான். ஒரு கால் எதிரியின் மார்பை மிதித்து அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைப் பின்னாலிருந்து தடுக்கிறது. மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதை வந்து பார்க்க வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார்.

அதே நற்கிள்ளியைப் பாடியவர் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர். 85ஆம் பாடலில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு சாரார் குரல். இல்லை என்கிறது இன்னொரு சாரார் குரல். இவரோ காற்சிலம்பு ஒலிக்க விரைந்து வந்து, ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று, தன் மனத்துக்கு உகந்தவன் வெல்வதைக் கண்ணாரக் காண்கிறார். கோதாவைச் சுற்றி நிற்கும் ரசிகரின் மனநிலையைத் தமிழில் இதைவிடப் பழைய காலத்தில் எழுதிவைத்தவர் இருப்பது அரிது.

படுத்தே கிடந்த பயில்வான்

நிஜ மல்யுத்தம் எப்படி நிகழ்த்துகலையாக மாறியது? அதற்கு நம் நாட்டு மாவீரர் காமா ஆடிய இரண்டு போட்டிகளே நல்ல விளக்கம்.

1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமாவும் போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். காமாவின் பிடி எப்படிப்பட்டது என்று சிறிது நேரத்திலேயே தெரிந்துகொண்ட ஸ்பிஷ்கோ, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் அப்படியே போய்ப் போட்டி முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதுவதாக ஏற்பாடு, ஸ்பிஷ்கோ வரவேயில்லை. பிறகு 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். இந்த முறை ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைச் சாய்த்துவிட்டார்.

இரண்டுமே வரலாற்றில் நிற்கும் போட்டிகள். ஆனால் காசு கொடுத்து உட்கார்ந்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். முதலாவதில் இரண்டரை மணி நேரம் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதில் துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1920களில் அமெரிக்காவில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். போட்டிக்கு நேர வரம்பு, வேகமான பிடிகள், தூக்கி எறிதல், அடுத்த வாரமும் கூட்டத்தை வரவழைக்கும் கதை. முடிவை முன்கூட்டியே பேசிக்கொள்வது அதற்கு முன்பும் இருந்ததுதான். அதை ஒரு முழுநீள நிகழ்ச்சியாக வளர்த்தவர்கள் என்ற பெயர் இந்த மூவருக்கு உண்டு.

இந்த வகைதான் நம் ஊர்களில் "ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி" ஆனது. சிங்கப்பூரில் பயிற்சி பெற்று 1950களில் இந்தியக் கோதாவைக் கட்டியாண்ட தாராசிங், ஹங்கேரி மரபினரான கிங்காங் என்ற எமில் ஸாயா ஆகியோரின் பெயர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாகிவிட்டன. கிங்காங் ஏறத்தாழ 180 கிலோ எடை. அவரைத் தாராசிங் தூக்கிச் சுழற்றிய கதையைத் தாத்தாக்கள் இன்னும் சொல்கிறார்கள். தாராசிங் 1962இல் "கிங்காங்" என்ற இந்திப் படத்தில் நாயகனானார். 1968இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வீடுவீடாக நுழைந்தார்.

முடிவு பேசி வைத்தது என்பதைத் தொழிலுக்கு வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். 1989இல் அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமே நியூஜெர்சி மாகாணச் சட்டமன்றத்தின் முன், எங்களுடையது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக வந்த வாக்குமூலம் அது. ரகசியம் உடைந்த பிறகும் கூட்டம் குறையவில்லை.

கோதாவின் உள்ளே

இனி அந்த மேடையைப் பார்ப்போம். கோதா சதுர வடிவம். பெரும்பாலும் ஒரு பக்கம் 16 முதல் 20 அடி. நான்கு மூலையிலும் இரும்புத் தூண்கள், அவற்றை இணைக்கும் இரும்புச் சட்டங்கள், சட்டத்தின் மேல் வரிசையாக மரப்பலகைகள், அதன் மேல் மெல்லிய நுரைமெத்தை, எல்லாவற்றையும் மூடி இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி. மெத்தை என்றதும் வீட்டுப் பஞ்சு மெத்தையை நினைக்க வேண்டாம். கை வைத்து அழுத்தினால் கீழே பலகை தட்டும். மூன்று வரிசைக் கயிறு பல இடங்களில் ரப்பர் குழாய்க்குள் செலுத்திய இரும்பு வடம். ஓடிவந்து அதில் மோதினால் விலாவில் தடம் விழும்.

பலகைக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் கோதா ஒரு பெரிய பறை போல அதிர்கிறது. ஒருவர் விழுந்தால் கடைசி வரிசைக்கும் "தொம்" என்று கேட்கிறது. அந்த ஓசை பார்ப்பவருக்கு. பலகை வளைந்து கொடுப்பது விழுபவருக்கு.

வளைவின் மதிப்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். தரை ஒரே ஒரு சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால், அவர் உடல் தாங்கும் சராசரி விசை அவருடைய எடையைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் அமுங்கினால் அதுவே 20 மடங்காகக் குறைகிறது. சிமெண்டுத் தரைக்கும் கோதாவுக்கும் இதுதான் வித்தியாசம்.

மீதியை உடல் செய்ய வேண்டும். மல்யுத்தப் பள்ளியில் சேர்பவருக்கு முதலில் கற்றுத் தருவது அடிப்பதை அல்ல, விழுவதை. மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், தலை தரையில் படக் கூடாது. முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நொடியில் விழ வேண்டும். இரு கைகளையும் விரித்துத் தரையை அறைய வேண்டும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முழங்கையோ இடுப்பெலும்போ ஒரு புள்ளியில் வாங்கினால் முறியும். பரந்த முதுகு பகிர்ந்துகொண்டால் வலியோடு போகும். வலியே இல்லை என்று எந்த வீரரும் சொல்வதில்லை. திறந்த உள்ளங்கையால் மார்பில் விழும் அறை முழுக்க நிஜம். நெஞ்சு சிவந்து கைத்தடம் தெரியும்.

தூக்கி அடிப்பதற்கு இரண்டு பேருடைய உழைப்பும் வேண்டும். தூக்கப்படுபவர் சரியான கணத்தில் எம்பிக் கொடுக்க வேண்டும், உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கியவர் அவர் கழுத்துக்குப் பொறுப்பு. எதிரிகளாக நிற்கும் இருவரும் தங்கள் உயிரை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். கழுத்துப்பிடி போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும்போது அடுத்து என்ன என்று காதோடு பேசிக்கொள்வார்கள். நடுவரும் ஆட்டத்தில் ஒருவரே. மூன்று எண்ணுவதற்கிடையே செய்தி கொண்டுபோவார், நேரம் சொல்வார். அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால், காயம் நிஜம், மருத்துவர் வர வேண்டும் என்று பொருள்.

கூட்டத்தின் வேலை

கோதாவில் இரண்டு வகை ஆள்கள்தான். மக்கள் கைதட்ட வேண்டியவர் ஒருவர், மக்கள் ஏச வேண்டியவர் ஒருவர். ஏச்சு வாங்குபவரின் வேலைதான் கடினம். நடுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கண்ணில் குத்துவார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரியை அமுக்குவார். கூட்டம் கொதித்தால்தான் மற்றவர் எழுந்து நிற்கும்போது கூரை அதிரும். கூத்திலும் இதுதான் நடக்கிறது. துகிலுரியும் இரவில் துச்சாதனனுக்குச் சாபம் விழாவிட்டால், விடியற்காலைப் படுகளத்தில் பீமனுக்கு ஆரவாரம் ஏது? கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிமீறல். ஆனால் திரௌபதியின் விரிந்த கூந்தலைப் பார்த்தபடி நிற்கும் கூட்டம் அந்த அடியை நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறது.

இதனால் ஒரே சண்டை இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி நடப்பதில்லை. முடிவு ஒன்றுதான், அங்கே போய்ச் சேரும் வழியைக் கூட்டத்தின் குரல் மாற்றிக்கொண்டே இருக்கும். ஓர் அறைக்கு ஆரவாரம் எழுந்தால் இன்னும் நான்கு அறை விழும். கூட்டம் அமைதியானால் பிடியைத் தளர்த்தி வேறொன்றைத் தொடங்குவார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இந்தப் பங்கு கிடையாது. கோதாவின் ஓரத்தில் நிற்பவருக்கு உண்டு.

அதனால்தான் சிறிய, தனித்தியங்கும் குழுக்களின் நிகழ்ச்சிகளைத் தேடிப் போகும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம், சில நூறு நாற்காலிகள், கைக்கெட்டும் தூரத்தில் கோதா. பல குழுக்களில் மாலையில் பலகை சுமந்து கோதாவைப் பூட்டுபவரே இரவில் அதில் விழுகிறார்; நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மேசை போட்டுத் தன் படம் அச்சிட்ட பனியனை விற்கிறார். சிங்கப்பூர், மலேசியாவில் 2010களில் இப்படிக் குழுக்கள் முளைத்தன. மலேசியாவில் நோர் டயானா என்ற இளம்பெண் முக்காடு அணிந்தே கோதாவில் இறங்கி, 2019இல் நான்கு ஆண்களோடு மோதிப் பட்டம் வென்றார். இந்தியாவில் மல்யுத்த வீரர் தி கிரேட் காலி ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி தொடங்கி நிகழ்ச்சிகள் நடத்துகிறார். அமெரிக்கப் பெரிய நிறுவனத்தின் மேடை 2023 செப்டம்பர் 8 அன்று ஐதராபாத்துக்கு வந்தது. அதன் நட்சத்திர வீரர் ஜான் சீனா அங்கே ஆடினார்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1999 மே மாதம் கன்சாஸ் நகரில், அரங்கின் உச்சியிலிருந்து வடத்தில் இறங்கிவரும் காட்சிக்காக ஏறிய ஓவன் ஹார்ட் என்ற வீரர், பிணைப்பு விட்டுக் கோதாவில் விழுந்து உயிரிழந்தார். முடிவு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த வீழ்ச்சி எழுதப்பட்டதல்ல.

ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முன்வரிசைக்கு முயலுங்கள். அடிப்பவரைவிட விழுபவரைக் கவனியுங்கள்: மோவாய் எங்கே இருக்கிறது, கை எப்போது தரையை அறைகிறது, எழுந்திருக்கும்போது எந்தப் பக்கம் நொண்டுகிறார் என்று பாருங்கள். பிடித்தவருக்குக் குரல் கொடுங்கள், பிடிக்காதவரை ஏசுங்கள். இரண்டுமே அவர்களுக்கு மரியாதைதான். சாதியையோ நிறத்தையோ சொல்லி ஏச வேண்டாம், கயிற்றுக்குள் கை நீட்ட வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், விழக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், வீட்டுக் கட்டிலின் மேல் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை உள்ளே நுழையும் முன்பே அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.