ஜி இல்லாத கடிவாளம்

‘ஃப்ரீ ரெய்ன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது குழப்பமே இல்லை. எழுதும்போதுதான் கை தடுமாறும். ஆர், ஈ, ஐ, என் என நான்கெழுத்தா, நடுவில் ஒரு ஜி சேர்த்து ஐந்தா? ஜி சேர்ந்தால் அரசாட்சி. சேராவிட்டால் குதிரையின் கடிவாள வார். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஜி போட்டு எழுதுகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஒருவரை அவர் போக்கில் விடுவதுதானே பொருள், அதற்கு ஆட்சி பொருத்தம்தானே என்று தோன்றிவிடுகிறது. ஆனால் இந்தத் தொடர் அரண்மனையில் பிறக்கவில்லை, சேணத்தின் மேல் பிறந்தது. கல்லும் குழியுமான சரிவில் எங்கே கால் வைப்பது என்று மேலே இருப்பவனைவிடக் குதிரைக்கு நன்றாகத் தெரியும். அங்கே வாரை இழுத்துப் பிடித்தால் அதனால் தலையைத் தாழ்த்தித் தடம் பார்க்க முடியாது. பழகியவன் வாரைத் தளர்த்துவான்; ஆனால் கையிலிருந்து விட்டுவிடமாட்டான். அந்த நம்பிக்கையும் அந்தப் பிடியும் சேர்ந்ததுதான் ‘ஃப்ரீ ரெய்ன்’. மேலதிகாரி ஒருவர் புதிய பொறியாளரிடம் ஒரு பாலத்தின் வரைபடத்தை ஒப்படைத்து ஒதுங்கி நிற்பதைச் சொல்ல இதைவிட அழகான தொடர் எனக்குத் தெரியவில்லை. ஜி நுழைந்தால் குதிரை ஓடிவிடுகிறது.

வேர்களும் வேறு. வாரைக் குறிக்கும் சொல், ‘பிடித்து நிறுத்து’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆட்சியைக் குறிப்பது லத்தீன் ‘ரெக்னும்’ வழி வந்தது. ஒலிக்காத அந்த ஜி அதன் நினைவு. ‘ரெய்ன் இன்’ என்று எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ‘விலைவாசிக்குக் கடிவாளம்’ என்று நம் நாளிதழ்கள் தலைப்பிடுகின்றனவே, அதே படம்தான்.

‘பேட்டட் பிரெத்’ என்பதிலும் இப்படி ஓர் எழுத்து நுழைந்து கெடுக்கிறது. மூச்சை அடக்கிக் காத்திருப்பது என்பது பொருள். பி-க்குப் பின் ஏ, டி என்று வர வேண்டிய இடத்தில் பலர் ஒரு ஐ சேர்த்துவிடுகிறார்கள். மூச்சில் தூண்டில் இரை மாட்டிக்கொள்கிறது. 1600-இல் அச்சான ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷைலக்கின் பேச்சிலேயே இத்தொடர் உண்டு. தணிதல், குறைதல் என்னும் பொருளுள்ள ‘அபேட்’தான் இதன் மூலம். வழக்காடியவர் இறந்து, வாரிசுகளை உரிய காலத்தில் சேர்க்காமல் விட்டால் ‘கேஸ் அபேட் ஆயிடுச்சு’ என்று நம் நீதிமன்ற வளாகங்களில் சொல்வார்கள். அந்த ‘அபேட்’ முதலெழுத்தை இழந்து நிற்பதுதான் ‘பேட்டட்’.